சிறுநீரகக் கல்லுக்கு அதிர்வலைச் சிகிச்சை: முதல் முறையிலேயே பலன் கிடைக்க என்ன செய்யலாம்?

“கல் உடைக்கிற மெஷின் வச்சாங்க, ஆனா கல்லு இன்னும் அங்கேயேதான் இருக்காம்” என்று ஒருவர் சொல்வார். “எனக்கு ஒரே தடவையில போயிருச்சே” என்பார் பக்கத்தில் இருப்பவர். ஒரே மருத்துவமனை, ஒரே இயந்திரம் என்றாலும் ஒருவருக்குப் பலன் கிடைக்கிறது, மற்றவருக்குக் கிடைப்பதில்லை. பலன் கிடைக்காதவர் “மெஷின் சரியில்லை” என்றோ “என் நேரம் சரியில்லை” என்றோ முடிவு செய்துவிடுகிறார்.

உண்மையில் இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைவு. எந்தக் கல்லுக்கு இந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சிகிச்சை மேசையில் அதை எப்படிச் செய்கிறார்கள், வீடு திரும்பிய பிறகு நோயாளி என்ன செய்கிறார் என்ற மூன்றும்தான் பெரும்பாலும் பலனைத் தீர்மானிக்கின்றன. முதலாவதில் நோயாளி கேள்வி கேட்கலாம். இரண்டாவதில் ஒத்துழைக்கலாம். மூன்றாவது பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது.

நாள் சம்பளத்தில் வேலை செய்பவருக்கு இது சிறிய விஷயமல்ல. முதல் முறை பலன் தராவிட்டால் மீண்டும் தேதி வாங்கிக் காத்திருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து பட்டணத்து மருத்துவமனைக்கு இன்னொரு பயணம், இன்னொரு நாள் வேலை இழப்பு, நடுவில் இரவோடு இரவாக வரும் வலி என்று எல்லாம் சேர்கிறது. சிறுநீரகமும் இன்னொரு முறை ஆயிரக்கணக்கான அதிர்வுகளைத் தாங்க வேண்டும்.

அதிர்வலை என்பது என்ன?

நம் மக்களில் பலர் இந்தச் சிகிச்சையை ‘லேசர்’ என்கிறார்கள். இது லேசர் அல்ல. லேசர் சிகிச்சையில் சிறுநீர்ப் பாதை வழியாக மெல்லிய குழாய்க் கருவியை உள்ளே செலுத்திக் கல்லை உடைப்பார்கள். அதிர்வலைச் சிகிச்சையில் உடலுக்குள் எந்தக் கருவியும் போகாது, கத்தியும் படாது. வெளியே இருக்கும் இயந்திரம் அழுத்த அலைகளை உருவாக்கி, தோலையும் தசையையும் கடந்து கல் இருக்கும் ஒரே புள்ளியில் குவியச் செய்கிறது. வெயிலில் பூதக்கண்ணாடியைப் பிடித்தால் ஒளி ஒரு புள்ளியில் குவிந்து காகிதத்தைச் சுடுவதைப் போன்றது இது. வழியில் உள்ள சதைக்குப் பெரிய பாதிப்பு இல்லாமல், குவியும் இடத்தில் மட்டும் பலம் கூடுகிறது.

இதன் தொடக்கம் ஜெர்மனியில். டோர்னியர் என்ற விமானத் தயாரிப்பு நிறுவனம், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் எழும் அதிர்வலைகளை ஆராய்ந்து வந்தது. அந்த அறிவு மருத்துவத்துக்குத் திரும்பியது. 1980 பிப்ரவரி 7-ஆம் தேதி மூனிக் நகரில் மருத்துவர் கிறிஸ்டியன் சௌசியும் அவருடைய குழுவினரும் முதல் நோயாளிக்கு இந்தச் சிகிச்சையைச் செய்தார்கள். அந்நாளில் நோயாளியைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கித்தான் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. இன்று தொட்டி இல்லை. தண்ணீர் நிரம்பிய மெத்தை போன்ற பகுதி முதுகு அல்லது இடுப்போடு ஒட்டி நிற்கும். இடையில் ஜெல் தடவுவார்கள்.

அலை கல்லில் மோதும்போது கல்லுக்குள் அழுத்தமும் இழுவிசையும் மாறி மாறி ஏற்பட்டு விரிசல் விடுகிறது. கல்லைச் சுற்றியுள்ள நீரில் நுண்ணிய குமிழ்கள் தோன்றி வெடித்து, மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கின்றன. இப்படிப் பல நூறு அடிகள் விழுந்த பிறகே கல் தூளாகிறது.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இயந்திரம் கல்லை உடைக்கிறதே தவிர, வெளியே எடுப்பதில்லை. உடைந்த துகள்கள் சிறுநீரோடு தாமாகவே இறங்கி வரவேண்டும். ‘கல் உடைந்தது’ என்பதும் ‘கல் போய்விட்டது’ என்பதும் வேறு வேறு. இரண்டும் நடந்தால்தான் சிகிச்சை வெற்றி.

எல்லாக் கல்லும் இதற்குப் பொருந்தாது

வெற்றியின் முதல் பாதி, சரியான கல்லைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. மருத்துவர் ஸ்கேன் படத்தில் முக்கியமாக நான்கு விஷயங்களைப் பார்ப்பார்.

முதலாவது, அளவு. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான கல், சிறுநீர்க் குழாயில் இறங்கிவிட்டால் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். சிறுநீரகத்தில் உள்ள 10 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல்லுக்கு அதிர்வலைச் சிகிச்சை நல்ல தேர்வு. 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை உள்ள கல்லுக்கு மற்ற அம்சங்களைப் பொறுத்து முடிவு செய்வார்கள். 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் முதுகில் சிறு துளையிட்டு நேரடியாகக் கல்லை எடுக்கும் முறையையே ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி முதலில் பரிந்துரைக்கிறது. பெரிய கல்லை அதிர்வலையால் உடைத்தால் துகள்களின் எண்ணிக்கையும் கூடும், அவை குழாயை அடைக்கும் ஆபத்தும் கூடும்.

இரண்டாவது, இடம். சிறுநீரகத்தின் கீழ்ப் பகுதியில் உள்ள கல் உடைந்தாலும், அதன் துகள்கள் மேல்நோக்கி ஏறித்தான் வெளியேறும் வழிக்கு வரவேண்டும். கிணற்றின் அடியில் கிடக்கும் மணலைப்போல் அவை அங்கேயே தங்கிவிடும். அதனால் கீழ்ப் பகுதியில் 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல் இருந்தால் மருத்துவர் வேறு முறையைப் பரிந்துரைக்கக்கூடும்.

மூன்றாவது, கடினம். சிடி ஸ்கேன் எடுக்கும்போது கல்லின் அடர்த்தி ஓர் எண்ணாகத் தெரியும். அந்த அளவின் பெயர் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு. இது 1,000-ஐத் தாண்டினால் அதிர்வலையில் உடைவது கடினம். சிஸ்டின் வகைக் கல், சிலவகைக் கால்சியம் கற்கள் ஆகியவை இப்படி இறுகியவை. யூரிக் அமிலக் கல்லின் கதை வேறு. அது சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. ஆனால் பல வேளைகளில் உடைக்கவே தேவையில்லை. சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தை மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துவந்தால் கரையக்கூடியது. நீரிழிவும் உடல் பருமனும் உள்ளவர்களுக்கு இந்த வகைக் கல் வரும் வாய்ப்பு அதிகம். மலேசியாவில் இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிட அதிகம் என்று 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு காட்டியது. ஆகவே ‘என் கல் எந்த வகை?’ என்ற கேள்வி நம்மவர்களுக்கு மிக முக்கியம்.

நான்காவது, தோலுக்கும் கல்லுக்கும் இடையிலான தூரம். இது 10 சென்டிமீட்டரைத் தாண்டினால் அலை கல்லைச் சென்றடைவதற்குள் பலம் குறைந்துவிடுகிறது. பருமனான உடல்வாகு உள்ளவர்களுக்குப் பலன் குறைவதற்கு இது ஒரு காரணம்.

இந்த நான்கில் இரண்டு மூன்று பாதகமாக இருக்கும்போது, ‘எதற்கும் ஒரு தடவை மெஷின் வைத்துப் பார்ப்போம்’ என்று வற்புறுத்துவதால் நன்மை இல்லை. கத்தி படாத சிகிச்சை என்பதற்காக அதையே பிடித்துக்கொண்டால், கடைசியில் இரண்டு சிகிச்சைக்கும் போக வேண்டிவரும்.

சிகிச்சைக்கு முன்பு சொல்ல வேண்டியவை

நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இதய நோய்க்கோ பக்கவாதத்துக்கோ ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதிர்வலையால் சிறுநீரகத்தைச் சுற்றி இரத்தக் கசிவு ஏற்படலாம் என்பதால் அந்த மருந்துகளைச் சில நாட்கள் நிறுத்தச் சொல்வார்கள், அல்லது வேறு சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் நீங்களாக நிறுத்தக்கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினால், கல்லைவிடப் பெரிய ஆபத்து வந்து சேரும்.

சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். தொற்றோடு கல்லை உடைத்தால் கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ, காய்ச்சலோ, குளிர் நடுக்கமோ இருந்தால், ‘தேதி போய்விடுமே’ என்று பயந்து மறைக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தச் சிகிச்சை செய்யக்கூடாது. மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்திருப்பவரும், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவரும் சொல்ல வேண்டும்.

வேறு கிளினிக்கிலோ தனியார் மருத்துவமனையிலோ எடுத்த ஸ்கேன் படங்கள் இருந்தால் கொண்டு செல்லுங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் கல் வளர்ந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று தெரியும்.

சிகிச்சை மேசையில் என்ன நடக்கிறது?

ஒரே இயந்திரம் இருவருக்கு வேறுபட்ட பலன் தருவதற்கான பல காரணங்கள் இங்கேதான் இருக்கின்றன.

ஒன்று, ஜெல். அலை காற்றைக் கடக்காது. தோலுக்கும் இயந்திர மெத்தைக்கும் இடையே காற்றுக் குமிழ் இருந்தால் அந்த இடத்தில் அலை திருப்பி அனுப்பப்படும். ஜெல் படலத்தில் வெறும் 2 விழுக்காட்டுப் பரப்பில் காற்று இருந்தாலே கல் உடைவது 20 முதல் 40 விழுக்காடு வரை குறைவதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. அதனால்தான் நிறைய ஜெல்லைக் கொட்டி, கையால் பலமுறை தேய்க்காமல் மெத்தையை அப்படியே அழுத்தி ஒட்டுவது நல்லது என்கிறார்கள். நோயாளி நெளிந்தாலோ எழுந்து மீண்டும் படுத்தாலோ இடையில் காற்று புகுந்துவிடும். அப்படி அசைய நேர்ந்தால் மருத்துவ ஊழியரிடம் சொல்லுங்கள், அவர் ஜெல்லைச் சரிபார்ப்பார்.

இரண்டு, வேகம். நிமிடத்துக்கு 120 அடிகள் அடிப்பதைவிட 60 அடிகள் என்ற மெதுவான வேகத்தில் கல் நன்றாக உடைகிறது என்று பல ஒப்பீட்டு ஆய்வுகள் நிறுவியுள்ளன. ஓர் அடியில் தோன்றும் குமிழ்கள் மறைவதற்குள் அடுத்த அடி வந்தால், அந்தக் குமிழ்களே தடுப்புச் சுவராகிவிடுகின்றன. மெதுவாக அடித்தால் அவை கலைய நேரம் கிடைக்கிறது. சிறுநீரகத் திசுவுக்கும் பாதிப்பு குறைகிறது. இதற்கு ஒரு விலை உண்டு. 3,000 அடிகள் என்றால் வேகமான முறையில் 25 நிமிடம், மெதுவான முறையில் 50 நிமிடம். ‘பக்கத்து அறைக்காரர் சீக்கிரம் முடிச்சிட்டு வந்துட்டாரே’ என்று அவசரப்பட வேண்டாம். இந்தச் சிகிச்சையில் நேரம் எடுப்பது பெரும்பாலும் நல்லதுதான்.

மூன்று, பலத்தைப் படிப்படியாகக் கூட்டுவது. முதலில் குறைந்த பலத்தில் சில நூறு அடிகள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் பலம். இப்படித் தொடங்கினால் சிறுநீரக இரத்தக் குழாய்கள் முன்கூட்டியே சுருங்கிக்கொள்வதால் திசுக் காயமும் இரத்தக் கசிவும் குறைகின்றன. நோயாளியும் வலிக்குப் பழகிக்கொள்கிறார்.

நான்கு, வலி. நம்மில் பலர், குறிப்பாக ஆண்கள், வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவதை வீரமாக நினைக்கிறார்கள். இங்கே அது சிகிச்சையைக் கெடுக்கும். வலி எடுத்தால் உடல் இறுகும், மூச்சு வேகமாகும், கை கால் அசையும். நாம் மூச்சு விடும்போதெல்லாம் சிறுநீரகமும் மேலும் கீழும் நகர்கிறது. அலை குவியும் இடமோ மிகச் சிறியது. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் போகும்போது பல அடிகள் கல்லில் படாமல் பக்கத்துத் திசுவில் விழும். ஆகவே வலி தாங்க முடியாவிட்டால் உடனே சொல்லி மருந்து கேளுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். சீராக, மெதுவாக விட்டால் போதும்.

ஐந்து, குறி. சிகிச்சை முழுவதும் எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் வழியாகக் கல் குறியில் இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். இது செய்பவரின் அனுபவத்தையும் கவனத்தையும் பொறுத்தது. இதே சிகிச்சையை அடிக்கடி செய்யும் மையத்தில் செய்துகொள்வது நல்லது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

ஸ்டென்ட் குழாய் பற்றி ஓர் எச்சரிக்கை

சிலருக்குச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை மெல்லிய ஸ்டென்ட் குழாய் வைப்பார்கள். அடைப்பு, தொற்று, பெரிய கல் போன்ற காரணங்களுக்கு அது தேவைப்படும். ஆனால் ஸ்டென்ட் வைத்தால் கல் நன்றாகப் போகும் என்பது சரியல்ல. எல்லோருக்கும் வழக்கமாக வைப்பதால் கல் வெளியேறும் விகிதம் கூடுவதில்லை.

வைத்தவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அந்தக் குழாயைக் குறித்த காலத்தில் எடுத்தாக வேண்டும். வலி நின்றுவிட்டது என்று எண்ணி மருத்துவமனைக்குத் திரும்பிப் போகாமல் இருந்தால், மாதங்கள் கடந்து குழாயின் மேலேயே கல் படிந்து சிறுநீரகமே பழுதாகலாம். எடுக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து, குடும்பத்தில் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பிவிடுவார்கள். அடுத்த சில வாரங்கள் துகள்கள் இறங்கும் காலம். இந்தக் காலத்தில்தான் நோயாளியின் பங்கு அதிகம்.

தண்ணீர் குடியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு லிட்டரைக் குடித்துவிட்டுப் பிறகு மறந்துவிடாமல், நாள் முழுவதும் பிரித்துக் குடிக்க வேண்டும். நாளொன்றுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரை என்பது பொதுவான அளவு. இதயச் செயலிழப்போ முற்றிய சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும்.

படுத்தே கிடக்காதீர்கள். வலி அனுமதிக்கும் அளவுக்கு நடமாடுவது துகள்கள் இறங்க உதவும். சிறுநீர்க் குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மாத்திரையை மருத்துவர் தந்திருந்தால் வலி இல்லாத நாளிலும் விடாமல் சாப்பிடுங்கள். அது வலி மாத்திரை அல்ல, துகள்கள் இறங்க வழிவிடும் மாத்திரை. சிலருக்கு அதனால் தலைசுற்றல் வரலாம் என்பதால் படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்திருங்கள். கீழ்ப் பகுதிக் கல்லாக இருந்தால் தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து முதுகில் தட்டும் பயிற்சியைச் சில மையங்களில் செய்வார்கள். அதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.

சிறுநீரை வடிகட்டுங்கள். பழைய டீ வடிகட்டியோ மெல்லிய துணியோ போதும். கிடைக்கும் துகள்களைச் சுத்தமான போத்தலில் போட்டு அடுத்த சந்திப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். அதைப் பரிசோதித்தால்தான் கல்லின் வகை உறுதியாகும். வகை தெரிந்தால்தான் அடுத்த கல் வராமல் தடுக்கும் ஆலோசனையைச் சரியாகச் சொல்ல முடியும். பலர் இந்தத் துகள்களைக் கழிப்பறையில் போகவிட்டு, தங்களுக்குக் கிடைத்த மிக முக்கியமான தகவலையும் அதோடு இழந்துவிடுகிறார்கள்.

ஓரிரு நாட்கள் சிறுநீர் சிவப்பாகப் போவதும், இடுப்புத் தோல் கன்றிப்போவதும், துகள் இறங்கும்போது வலிப்பதும் எதிர்பார்க்கக்கூடியவை. ஆனால் கீழ்க்கண்டவற்றில் ஒன்று ஏற்பட்டாலும் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்: காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம், சிறுநீர் அறவே வராமல் நிற்பது, இரத்தக் கட்டிகள் வெளியேறுவது, மாத்திரைக்கு அடங்காத வலி, நிற்காத வாந்தி, மயக்கம்.

சில நேரங்களில் துகள்கள் வரிசையாகச் சிறுநீர்க் குழாயில் சிக்கி அடைத்துக்கொள்ளும். ஜெர்மன் மொழியில் இதற்கு ‘கல் தெரு’ என்று பெயர். சாலை நெரிசலைப்போல் முன்னால் உள்ள ஒன்று நகராததால் பின்னால் உள்ளவை எல்லாம் நின்றுவிடுகின்றன. இதனால் சிறுநீரகம் வீங்கினாலும் சிலருக்கு வலியே தெரியாது. ஆகவே வலி இல்லை என்பதற்காகப் பரிசோதனைத் தேதியைத் தவறவிடக் கூடாது. சில வாரங்களுக்குப் பின் எடுக்கும் எக்ஸ்ரே அல்லது ஸ்கேன்தான் கல் போனதா இல்லையா என்பதைச் சொல்லும். எல்லாத் துகள்களும் வெளியேற மூன்று மாதம் வரைகூட ஆகலாம்.

வாழைத்தண்டும் மீசாய் கூச்சிங்கும்

கல்லடைப்பு என்று நம் சித்த மருத்துவம் அழைத்த இந்த நோய்க்கு வீட்டு வைத்தியங்கள் ஏராளம். வாழைத்தண்டுச் சாறு, மீசாய் கூச்சிங் இலைக் கொதிநீர், பார்லித் தண்ணீர் ஆகியவை நம் வீடுகளில் புழங்குபவை. இவற்றால் உடலுக்குள் நீர் சேர்வதும் சிறுநீர் கூடுவதும் உண்மை. ஆனால் 8, 10 மில்லிமீட்டர் கல்லை இவை கரைத்துவிடும் என்பதற்கு மனிதர்களிடம் செய்த உறுதியான ஆய்வுச் சான்று இல்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு வாழைத்தண்டில் உள்ள பொட்டாசியம் கேடு செய்யலாம். எதைக் குடித்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றை நம்பிச் சிகிச்சைத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

‘பீர் குடித்தால் கல் போய்விடும்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். பீர் சிறுநீரைக் கூட்டினாலும் பின்னர் உடலை வறட்சியாக்கும். யூரிக் அமிலத்தையும் கூட்டும். பிளிம்பிங் எனும் நட்சத்திரப் பழச்சாற்றிலும் கவனம் தேவை. அதில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அந்தப் பழம் நச்சாகவே மாறும்.

முதல் முறை பலன் தராவிட்டால்

கல் ஓரளவு உடைந்திருந்தால் இன்னொரு முறை செய்வதில் பொருள் உண்டு. கொஞ்சமும் அசையவில்லை என்றால் அதே சிகிச்சையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் பயன் குறைவு. முதல் அதிர்வலைச் சிகிச்சை தோற்றால் அடுத்ததாகக் குழாய்க் கருவி வழி லேசர் போன்ற உள்நோக்கி முறையை முன்வைக்க வேண்டும் என்று அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி கூறுகிறது. ‘ஏன் உடையவில்லை? கல் கடினமா, இடம் காரணமா, குறி தவறியதா?’ என்று கேளுங்கள். அந்தப் பதிலைப் பொறுத்தே அடுத்த முடிவு அமைய வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

அரசாங்க மருத்துவமனையில் பெரும்பாலும் மலாயில்தான் பேச வேண்டியிருக்கும். சிறுநீரகக் கல்லை மலாயில் ‘பத்து காராங்’ என்பார்கள். வயதான பெற்றோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம்.

• கல் எத்தனை மில்லிமீட்டர்? சிறுநீரகத்தில் எந்தப் பகுதியில் இருக்கிறது?
• சிடி ஸ்கேனில் அதன் அடர்த்தி எவ்வளவு? யூரிக் அமிலக் கல்லாக இருக்க வாய்ப்புண்டா?
• என் உடல்வாகுக்கு அதிர்வலை பொருந்துமா? லேசர் முறையோடு ஒப்பிட்டால் எது நல்லது?
• நான் சாப்பிடும் மருந்துகளில் எதை, எத்தனை நாள் நிறுத்த வேண்டும்?
• சிகிச்சையின்போது வலிக்கு என்ன மருந்து தருவீர்கள்?
• எனக்கு ஸ்டென்ட் வைக்கிறீர்களா? வைத்தால் எந்தத் தேதியில் எடுப்பீர்கள்?
• அடுத்த படம் எப்போது? காய்ச்சல் வந்தால் எங்கே வருவது?

இப்படிக் கேட்பதை எந்த மருத்துவரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த கல் வராமல் இருக்க

ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் மீண்டும் வரலாம் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் பெரிய கவலை. 1992-இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு ஒன்றில், வெளியில் வெயிலில் வேலை செய்த ஆண்களிடம் கல் காணப்பட்ட விகிதம், உள்ளே வேலை செய்தவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்காக இருந்தது. வியர்வையில் நீர் போய்விடுவதால் சிறுநீர் கெட்டியாகி, உப்புகள் படிந்து கல்லாகின்றன.

செம்பனைக் குலை வெட்டுபவர், பால் மரம் வெட்டுபவர், கட்டுமானத் தொழிலாளி, லாரி ஓட்டுநர், பாதுகாவலர் என நம் மக்கள் செய்யும் பல வேலைகளில் தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் வசதி குறைவு. கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் தொழிலாளர்களும் உண்டு. இரண்டு பெரிய போத்தல் தண்ணீரைக் காலையிலேயே எடுத்துச் சென்று, வேலை முடிவதற்குள் காலி செய்வதை வழக்கமாக்குங்கள். அளவை மனத்தில் கணக்குப் போட வேண்டியதில்லை. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும், தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் போதவில்லை என்று பொருள்.

உப்பைக் குறையுங்கள். கருவாடு, ஊறுகாய், பாக்கெட் மீ, கிச்சாப் ஆகியவற்றில் உப்பு மறைந்திருக்கிறது. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். எலுமிச்சைச் சாறு கல்லைத் தடுக்கும் சிட்ரேட்டைத் தரும், ஆனால் அதில் ஆசாம்போயும் சீனியும் சேர்த்தால் பலன் குறைந்துவிடும். இறைச்சியை அளவோடு சாப்பிடுங்கள். பாலையும் தயிரையும் முழுவதும் நிறுத்துவது தவறு. உணவில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்வதால் கல் வாய்ப்பு குறைகிறது. கீரை சமைக்கும் நாளில் கூடவே கொஞ்சம் தயிர் சேர்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

அடுத்த சந்திப்புத் தேதி கையில் இருப்பவர்கள் இன்றே மூன்று காரியங்களைச் செய்யலாம். மாத்திரை அட்டைகளையும் பழைய படங்களையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். மேலே உள்ள கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிறுநீரை வடிகட்ட ஒரு வடிகட்டியைத் தனியாக எடுத்து வையுங்கள். கல்லை உடைக்கும் வேலையை மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். அது வெளியே போனதா என்று பார்க்கும் வேலை நம்முடையது.